சென்னையில் ட்ரோன் எங்கே விடலாம், எங்கே கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரோன் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அடுக்ககத்துக்காரர்கள், பையனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் போகிறவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பிச் சலித்துப்போனதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். இது பொழுதுபோக்குக்காக ட்ரோன் விடுபவர்களுக்கானது. கல்யாண வீடியோ, சர்வே, மருந்து தெளிப்பு என்று தொழிலாகச் செய்பவர்களுக்கு விதிகள் இன்னும் கூடுதல்.

சென்னைக்குள்ள ட்ரோன் விடவே கூடாதாமே, உண்மையா சார்?

அப்படி ஒரே அடியாக ஒரு தடை கிடையாது. நாடு முழுவதற்கும் பொதுவாக 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் 2021 இருக்கின்றன. அவை வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் அனுமதி தேவையில்லை, மற்ற இரண்டிலும் தேவை.

ஆனால் அந்த வதந்தி முளைத்ததற்கும் காரணம் உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையம், புனித ஜார்ஜ் கோட்டை, துறைமுகம், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, மணலி சுத்திகரிப்பு ஆலை என்று இந்த ஊரில் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே வந்தால் நகரத்தின் நடுவில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் மூன்று பேரின் சம்மதம் தேவைப்படுகிறது. வானத்துக்கு மத்திய அரசின் வரைபடம், அன்றைய தினத்துக்குக் காவல்துறை உத்தரவு, நீங்கள் நிற்கும் நிலத்துக்கு அதன் சொந்தக்காரர். பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சிக்கல் வருவது மற்ற இரண்டில்.

பச்சை, மஞ்சள், சிவப்புன்னா கணக்கு என்ன? கொஞ்சம் தெளிவா சொல்லுங்களேன்.

பயன்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து வெளியே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 கி.மீ. சிவப்பு. 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம் வரை பச்சை, அதற்கு மேலே மஞ்சள். 12 கி.மீ. தாண்டிவிட்டால், வேறு தடை எதுவும் குறிக்கப்படாத இடத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பச்சை. அதற்கும் மேலே போனால் திரும்பவும் மஞ்சள்.

மஞ்சளில் அந்த வான்பகுதியைக் கட்டுப்படுத்தும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். முன்பு மஞ்சள் 45 கி.மீ. வரை நீண்டிருந்தது. 2021இல்தான் அதை 12 ஆகச் சுருக்கினார்கள். இன்னமும் பழைய 45 கி.மீ. கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

விமான நிலையம் தவிர ராணுவ இடங்கள், அணுமின் நிலையம் போன்றவற்றுக்குத் தனித்தனியாகச் சிவப்பு உண்டு. அவற்றுக்கு இத்தனை கி.மீ. என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. 2018இல் இருந்த பட்டியல் ஒன்று (தலைமைச் செயலகத்திலிருந்து 3 கி.மீ., கடற்கரையிலிருந்து 500 மீட்டர் என்பது மாதிரி) இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இப்போது செல்லுபடியாவது வரைபடம்தான்.

அந்த மேப்பை எங்க பார்க்கறது? லாகின் பண்ணணுமா?

டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்க மட்டும் லாகின் தேவையில்லை. நீங்கள் நிற்கப்போகும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லைக்கோடுகள் அவ்வப்போது மாற்றப்படும், ஆகவே போன மாதம் எடுத்த ஸ்கிரீன்ஷாட் போதாது. பறக்க விடுவதற்கு முன்பு புதிதாக ஏதாவது தடை வந்திருக்கிறதா என்று தளத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்று விதியே சொல்கிறது.

என்னோடது 249 கிராம்தான் அண்ணா. இதுக்கெல்லாம் ரூல் கிடையாதுன்னு ரிச்சி ஸ்ட்ரீட் கடையில சொன்னாங்களே?

கடைக்காரர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கே அரசு தரும் ஒப்புதல்) வேண்டாம், ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டாம். சலுகை அத்தோடு முடிந்தது. சிவப்பு சிவப்புதான், மஞ்சள் மஞ்சள்தான். விமான இன்ஜினுக்குள் போய் மாட்டினால் 249 கிராமும் உலோகமும் பேட்டரியும்தான்.

இன்னொரு விஷயம், எடை என்பது பறக்கும்போது உள்ள மொத்த எடை. இறக்கைக்குப் பாதுகாப்பு வளையம், பெரிய பேட்டரி, மேலே ஒரு விளக்கு என்று மாட்டி 260 கிராம் ஆகிவிட்டால் அன்றைக்கு அது மைக்ரோ. சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பதிவு எண் எல்லாருக்கும் வேணுமா? எவ்வளவு ஆகும்?

யூஐஎன் எனப்படும் தனி அடையாள எண் இல்லாமல் பறக்க விடக் கூடாது என்பது பொது விதி. மேலே சொன்ன நானோ சலுகைகளின் பட்டியலில் இது இல்லை. கட்டணம் 100 ரூபாய், எல்லாம் ஆன்லைனில். ட்ரோனின் வரிசை எண், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையின் எண், ரிமோட்டின் எண் மூன்றும் அந்தப் பதிவோடு இணைக்கப்படும்.

வாங்குவதற்கு முன்பே "இதுக்கு யூஐஎன் பதிவாகுமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். மழுப்பினால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது. பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் அப்படியே.

பைலட் லைசென்ஸ் எடுக்க இன்ஸ்டிட்யூட் போகணுமா?

பொழுதுபோக்குக்கு 2 கிலோ வரை தேவையில்லை. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் லைசென்ஸ் என்ற பெயரே போய், ரிமோட் பைலட் சான்றிதழ் என்றாகிவிட்டது. வணிகமாகச் செய்பவர்களுக்கு நானோவைத் தாண்டினால் அது வேண்டும். 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும்.

நாங்க நங்கநல்லூர். சொந்த மொட்டை மாடி, சும்மா இருபதடி உயரம். யாருக்குத் தெரியப்போகுது?

நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம், ஆலந்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், பொழிச்சலூர் எல்லாம் விமான நிலையத்தை ஒட்டிய ஊர்கள். 5 கி.மீ.க்குள் சிவப்பு தரையிலிருந்தே தொடங்குகிறது, இருபதடிக்கு விலக்கு கிடையாது. வீட்டு மனை உங்களுடையது, அதற்கு மேலே உள்ள வானம் பட்டாவில் வராது.

யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு: கட்டுப்பாடு இழந்த ட்ரோன் சில சமயம் தானாகவே மேலே ஏறும். சிக்னல் அறுந்தால் வீட்டுக்குத் திரும்பும் வசதி இயங்கி, முன்பே செட்டிங்கில் போட்டு வைத்திருக்கும் உயரத்துக்குப் போய்விட்டுத்தான் கீழே இறங்கும். பல ட்ரோன்களில் அது இருபதடியை விட எவ்வளவோ அதிகமாக வைத்திருக்கும். நங்கநல்லூர் மாடியிலிருந்து விமானத்தின் சக்கரங்களைப் பார்க்கிறவருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் பதில் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம் என்பதுதான்.

மெரினாவுல நிறைய பேர் விடறாங்களே, நானே பார்த்திருக்கேன்.

நீங்கள் பார்த்தவற்றில் சில காவல்துறையுடையவை. சென்னைக் காவல்துறைக்கு 2023 ஜூனிலிருந்து அடையாறில் தனி ட்ரோன் பிரிவு இருக்கிறது. கூட்டத்தைக் கண்காணிக்கவும் கடலில் சிக்கியவர்களைத் தேடவும் கடற்கரையில் அவர்கள் ட்ரோன் பயன்படுத்துகிறார்கள். மற்றவை அனுமதி பெற்ற படப்பிடிப்பாக இருக்கலாம், அல்லது இன்னும் மாட்டாதவராக இருக்கலாம்.

மெரினாவின் கணக்கு கொஞ்சம் குழப்பமானது. கலங்கரை விளக்கம் விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 10 கி.மீ. வரும். விமான நிலையத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 60 மீட்டர் வரை பச்சை போலத் தோன்றும். ஆனால் வடக்கு முனையில் கடற்படையின் ஐஎன்எஸ் அடையார், தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகமும் உள்ள கோட்டை, அதை ஒட்டித் துறைமுகம். நடுவில் காமராசர் சாலையில் காவல்துறைத் தலைமையகம். குடியரசு தின அணிவகுப்பும் அதே சாலையில்தான். கடலோரமாகத் தாழப் பறக்கும் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ட்ரோன் ஒரு குழந்தையின் தலைமேல் விழுந்தால் வண்ணம் பற்றிய விவாதமே எழாது. பிறர் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும்படி இயக்கக் கூடாது என்ற விதி எல்லா வண்ணத்துக்கும் பொது.

என்னைக் கேட்டால் மெரினாவைப் பொழுதுபோக்குப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம்?

இவையும் 8 முதல் 12 கி.மீ. வளையத்தை ஒட்டி வருகின்றன. தெருவுக்குத் தெரு மாறக்கூடிய எல்லை இது, வரைபடத்தில் சரியான இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பச்சை என்றே காட்டினாலும் உங்களுக்குக் கிடைப்பது 60 மீட்டர்தான், 120 அல்ல. எலியட்ஸ் கடற்கரையில் கூட்டம் இருக்கும்போது மெரினாவுக்குச் சொன்னதே இங்கேயும்.

நாங்க இருபதாவது மாடி. அங்கிருந்து ஏத்தினா 60 மீட்டர் எங்கிருந்து கணக்கு?

தரையிலிருந்துதான். இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு சபாஷ், ஏனென்றால் பலர் இதை யோசிப்பதே இல்லை. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தாலே இருபது மாடியின் உச்சி 60 மீட்டர். 8 முதல் 12 கி.மீ. வளையத்தில் இருக்கும் கட்டடமென்றால், உங்கள் ட்ரோன் மொட்டை மாடியை விட்டு எழும்பிய உடனேயே மஞ்சளில் இருக்கிறது.

திரையில் தெரியும் உயரம் பெரும்பாலும் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. அது 50 என்று காட்டும்போது தரையிலிருந்து 110 ஆகியிருக்கும். ஆப்பில் உயர வரம்பை 60 என்று பூட்டி வைத்துவிட்டேன், பயமில்லை என்று சொல்கிறவர்கள் தாங்கள் நிற்கும் மாடியைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

கடலுக்கு மேல விட்டா யாருக்கும் தொந்தரவு இல்லையே?

கரையோரக் கடற்பகுதியும் அதே வரைபடத்துக்குள்தான் வருகிறது, கடல் என்பதால் தனிச் சுதந்திரம் இல்லை. துறைமுகங்களின் பக்கமும் (சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி) கல்பாக்கத்தின் பக்கமும் கடலிலிருந்தும் நெருங்கக் கூடாது.

விதியை விட்டுவிட்டு ஒரு நடைமுறை எச்சரிக்கை. ஆனி, ஆடி மாதங்களில் காலையில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். போகும்போது ட்ரோன் ஜம்மென்று போகும். திரும்பும்போது எதிர்காற்றில் பேட்டரி கரைந்துவிடும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்தபின் நிலைமை தலைகீழ். கடலில் விழுந்த ட்ரோனைத் தேடித்தர எந்த மீனவரும் கடமைப்பட்டவர் இல்லை.

மேப்ல பச்சை காட்டுது. ஆனா போலீஸ்காரர் வந்து இறக்கச் சொல்றார். அவர் சொல்றது சரியா?

சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்க முடியும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அறிவிக்க வேண்டும், தளத்திலும் வெளியிட வேண்டும். பிரதமர், குடியரசுத் தலைவர் வருகை, சுதந்திர தினம், குடியரசு தினம், பெரிய விளையாட்டுப் போட்டி என்றால் சென்னையில் இப்படி அறிவிப்பு வருவது வழக்கமான ஒன்று.

இதற்கு மேல் ஆணையர் தனியாகவும் தடை உத்தரவு போடலாம். முன்பு 144 என்று சொல்வோமே, 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு. அப்படிப்பட்ட உத்தரவு வரைபடத்தில் வண்ணமாகத் தெரியாமல் போகலாம், செய்தித்தாளில்தான் வரும். ஆகவே கிளம்பும் முன் அன்றைய செய்தியையும் ஒரு பார்வை பாருங்கள். யாராவது பெரிய தலைவர் ஊருக்கு வருகிறார் என்றால் அந்த வாரம் ட்ரோன் பெட்டிக்குள்ளேயே தூங்கட்டும்.

வந்த காவலரோடு கடற்கரையில் நின்று சட்டம் பேச வேண்டாம். இறக்கிவிட்டு, யூஐஎன் விவரத்தையும் வரைபடத்தையும் காட்டிப் பொறுமையாகக் கேளுங்கள். உத்தரவு இருந்தால் சொல்வார். இல்லையென்றாலும் அன்றைக்கு மூட்டை கட்டுவதே லாபம்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை மேலேர்ந்து எடுக்கணும்னு ஆசை. ஊருக்கு வெளியதானே இருக்கு?

விமான நிலைய வளையத்துக்கு வெளியேதான். ஆனால் இங்கே பேச வேண்டியது நிலத்தைப் பற்றி. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் விடக் கூடாது. பொழுதுபோக்கு என்று சொல்லி வாயிலில் நின்று கேட்டால் கிடைக்கும் அனுமதி அல்ல அது.

நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டர், 200 மீட்டர் என்று சிலர் ஒரு கணக்கு சொல்வார்கள். அது கட்டடம் கட்டுவதற்கான கட்டுப்பாடு. 101ஆவது மீட்டரில் நின்றுகொண்டு கோபுரத்தின் மேல் பறக்கவிட அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. ஈசிஆரில் அங்கிருந்து இன்னும் தெற்கே போகிறவர்கள் கல்பாக்கம் அணுமின் வளாகத்தை மறந்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் வேடிக்கைக்கே இடமில்லை.

வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கிண்டி பார்க்? பறவை படம் எடுக்கத்தான்.

வேடந்தாங்கல் சரணாலயம், கிண்டி தேசியப் பூங்கா. இரண்டும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது. கிண்டிக்கு விமான நிலையமும் பக்கத்தில், ஆளுநர் மாளிகையும் பக்கத்தில். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், அதுவும் விமான நிலைய வளையத்துக்குள் வரும்.

சட்டம் இருக்கட்டும். கூடுகட்டியிருக்கும் நாரைக்கு ட்ரோன் என்பது பருந்து. தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்கை காத்துக்கொண்டிருக்கும். பறவைகளை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு இதைச் செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நல்ல தொலைநோக்கி வாங்குங்கள்.

அறுபத்து மூவர் அன்னிக்கு மயிலாப்பூர் மாடவீதியில விடலாமா? எங்க வீடே மாடவீதிலதான்.

வேண்டாம். மெரினா பதிலில் சொன்ன கூட்ட ஆபத்து இங்கே பத்து மடங்கு. போதாததற்கு மின்கம்பி, கேபிள் கம்பி, தேர் வடம், மாடிகளில் நிற்கும் ஜனம். அன்றைக்குக் காவல்துறை பந்தோபஸ்தும் இருக்கும். கோயிலுக்காக அனுமதி வாங்கி எடுப்பவர்களின் படம் எப்படியும் இரவுக்குள் உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடும்.

ட்ரோன் ஆப்பே ஒண்ணும் வார்னிங் தரலை. அப்ப ஓகேதானே?

இல்லை. ஆப்பில் இருப்பது தயாரித்த நிறுவனத்தின் வரைபடம், இந்திய அரசின் வரைபடம் அல்ல. ஆப் தடுத்தால் பறக்காது. ஆப் தடுக்கவில்லை என்பதால் அனுமதி கிடைத்ததாக ஆகாது.

பரந்தூர்ல ஏர்போர்ட் வரப்போகுதே, அங்க இப்பவே தடையா? சோழவரத்துல பழைய ரன்வே சும்மாதானே கிடக்கு?

விமான நிலைய வளையம் பயன்பாட்டில் உள்ள நிலையத்துக்குத்தான். பரந்தூர் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததற்காக மட்டும் 12 கி.மீ. வளையம் விழாது. விமானம் ஓடத் தொடங்கும்போது வரைபடம் மாறும். ஆனால் அந்த வட்டார கிராமங்களில் நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராட்டம் நடக்கிறது, தெரியாத ஆள் தலைக்கு மேலே ட்ரோன் விட்டால் சர்வே எடுக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். போவதானால் உள்ளூரில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சோழவரம் நேர்மாறு. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம், பிற்பாடு கார் பந்தயம்கூட நடந்த இடம். இன்று விமானம் வருவதில்லை, ஆனால் அது ராணுவ நிலம். ஓடுதளம் ஓய்வு பெற்றிருக்கலாம், நிலத்தின் சொந்தக்காரர் ஓய்வு பெறவில்லை.

மஞ்சள்ல முறைப்படி அனுமதி வாங்கிட முடியாதா?

விதிப்படி முடியும். விண்ணப்பம் ஆன்லைனில். வான்பகுதி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மீனம்பாக்கத்தைச் சுற்றி விமான நிலைய ஆணையம், தாம்பரத்தைச் சுற்றி விமானப்படை. நாள், நேரம், உயரம், காரணம் எல்லாம் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பையனோடு அரைமணி நேரம் விடுவதற்காக இந்தப் பாடு படுவதைவிட, காரை எடுத்துக்கொண்டு பச்சைக்குப் போவது சுலபம்.

மாட்டினா என்ன ஆகும்?

ட்ரோன் விதிகளை மீறினால் அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். இது டிஜிசிஏ பக்கத்துக் கணக்கு. காவல்துறை வழக்கு வேறு. தடை உத்தரவை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டம்) 223ஆவது பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 125ஆவது பிரிவு. வழக்கென்று வந்தால் ட்ரோன் சாட்சிப் பொருளாக உள்ளே போகும், திரும்ப வாங்குவதற்குள் அதன் பேட்டரி செத்துவிடும்.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. மைக்ரோவாக இருந்தால் மூன்றாம் நபர் காப்பீடு எதற்கு என்பது அப்போதுதான் புரியும்.

யூடியூப்ல போடுவேன், கொஞ்சம் காசு வருது. இது பொழுதுபோக்கா, தொழிலா?

வணிக நோக்கம் இல்லாவிட்டால்தான் மைக்ரோவுக்குச் சான்றிதழ் விலக்கு. விளம்பரக் காசு வந்துகொண்டிருக்கும் சேனலுக்காகவே எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதைப் பொழுதுபோக்கு என்று வாதாடுவது கஷ்டம். சான்றிதழ் எடுத்துவிடுவது பாதுகாப்பு. நண்பன் கல்யாணத்துக்கு இலவசமாக எடுத்துக் கொடுப்பது வேறு, "பெட்ரோலுக்கு மட்டும் கொடுங்க" என்று இரண்டாயிரம் வாங்குவது வேறு.

எங்க அண்ணன் துபாய்லேர்ந்து வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வர்றேங்கறார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. சுங்கப் படிவத்தில் ட்ரோனைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், குறிப்பிட்டால் பிடித்து வைப்பார்கள், குறிப்பிடாவிட்டால் இன்னும் மோசம். வாங்குகிற காசுக்குப் பேரீச்சம்பழம் கொண்டு வரட்டும்.

எதிர் ப்ளாக்காரங்க ஜன்னல்ல எட்டிப் பார்க்கறதா புகார் குடுத்துட்டாங்க. நான் சூரிய உதயம்தான் எடுத்தேன்!

வண்ணம் பச்சையாக இருந்தாலும் இந்தப் புகார் நிற்கும். அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் குற்றம். பெண்களின் தனிமையைப் படம் பிடித்தால் நியாய சன்ஹிதா 77. நீங்கள் அப்படி எடுக்கவில்லை என்பதை எடுத்த வீடியோவையே காட்டித்தான் விளக்க வேண்டியிருக்கும், அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை அடுக்ககக் குழுவில் முதல் நாளே நேரத்தைச் சொல்லிவிட்டு, கேமராவைக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து ஏற்றுங்கள். சங்கம் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தால் வளாகத்துக்குள் நின்று விடுவதை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அப்ப எங்கதான் விடறது சார்?

வரைபடத்தைத் திறந்து மீனம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் 12 கி.மீ. வெளியே தேடத் தொடங்குங்கள். திருப்போரூருக்கு உள்பக்கம், ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் பக்கம் வெட்டவெளி நிறைய. மேற்கே ரொம்ப தூரம் போனால் அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளம் வரும். வடக்கே பழவேற்காடு பறவைகள் சரணாலயம், அதையும் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. அந்த இரண்டு கோடிகளுக்கும் போக வேண்டாம்.

ஏரிக்கரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பெரிய ஏரிகள் அரசுத் துறைகளின் கையில் இருக்கின்றன, குடிநீர் ஏரி என்றால் காவலும் இருக்கும். தெரிந்தவர் நிலம்தான் உத்தமம். அறுவடை முடிந்த வயல், சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை, பக்கத்து நிலத்தில் மாடு மேய்ப்பவரிடம் இன்னொரு வார்த்தை. காலை ஏழு மணிக்குள் போனால் காற்றும் அடங்கியிருக்கும். யூஐஎன் விவரத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், கிராமங்களில் சிக்னல் எப்போதும் கைகொடுக்காது.